பூவை எடுக்காமல் படத்தை மாற்றியவர்கள்

விக்கிப்பீடியாவின் ஏதாவது ஒரு பக்கத்தை அடிவரை இறக்கிப் பார்த்திருந்தால் அந்தக் குட்டிப் பட்டை உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அகலம் 88 பிக்சல், உயரம் 31 பிக்சல். இந்தத் தளம் மீடியாவிக்கி என்ற மென்பொருளால் இயங்குகிறது என்று சொல்லும் முத்திரை அது. அதில் பல வருடங்கள் ஒரு சூரியகாந்திப் பூ இருந்தது. பூவுக்கு இரண்டு பக்கமும் இரட்டைச் சதுர அடைப்புக்குறிகள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில் தினமும் நான் பார்த்த பூ. விக்கியில் ஒரு சொல்லைச் சுற்றி இரண்டிரண்டு அடைப்புக்குறி போட்டால் அது இன்னொரு கட்டுரைக்கு இணைப்பாகிவிடும். அந்த வேலையைச் செய்து செய்து விரல் பழகியவர்களுக்கு அந்தச் சின்னத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

2003-இல் விக்கிப்பீடியாவுக்குப் புதுச் சின்னம் தேடி ஒரு போட்டி நடந்தது. ஜெர்மனிக்காரரான எரிக் மோலர், பிரான்ஸைச் சேர்ந்த ஃப்ளோரன்ஸ் டெவுவார் எடுத்த சூரியகாந்தி ஒளிப்படத்தை அடைப்புக்குறிகளுக்கு நடுவில் வைத்து அந்தப் போட்டிக்கு அனுப்பினார். கிடைத்தது மூன்றாம் இடம். முதலிடம் வந்த புதிர் உருண்டை விக்கிப்பீடியாவுக்குப் போனது. இரண்டாவதாக வந்தது விக்கிமீடியா அறக்கட்டளையின் சின்னம் ஆனது. மூன்றாவதாக வந்த பூவை மென்பொருள் எடுத்துக்கொண்டது. படம் எடுத்த டெவுவார் சில வருடம் கழித்து அந்த அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார். சின்னம் கொடுத்தவர், நிரல் எழுதியவர், கட்டுரை எழுதியவர், நிர்வாகம் பார்த்தவர் எல்லோரும் ஒரே கூட்டத்துக்குள் இருந்தவர்கள். கட்டற்ற மென்பொருள் உலகத்தில் ஒரு சின்னம் பிறக்கும் விதம் பெரும்பாலும் இதுதான்.

புதிர் உருண்டை என்றதும் அதிலிருக்கும் நம் ‘வி’ நினைவுக்கு வருகிறது. உலகத்து எழுத்துகள் பலவற்றைத் துண்டுதுண்டாகத் தாங்கிய அந்த உருண்டையில் தமிழுக்கும் ஒரு துண்டு உண்டு. முதன்முதலில் அதைக் கண்டுபிடித்தபோது பக்கத்திலிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அதே உருண்டையில் நாகரி எழுத்து பல வருடம் பிழையாக இருந்தது. நம் ‘கெ’யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதுபோல, நாகரியில் இகரக் குறி மெய்க்கு முன்னால் நிற்க வேண்டும். சின்னத்தில் அது பின்னால் போய் நின்றது. ஜப்பானிய எழுத்திலும் பிழை இருந்தது. அந்த மொழிக்காரர்கள் சொன்னார்கள். 2007-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே இதைப் பற்றி எழுதியது. 2010-இல் உருண்டையை முப்பரிமாணத்தில் புதிதாக உருவாக்கியபோதுதான் இரண்டும் சரியாயின. திரையில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் நாம். ஒரு சின்னத்தில் தன் எழுத்து தப்பாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 2010-இல் மாறியது என்னவென்று கவனியுங்கள். உருண்டை உருண்டையாகவே இருந்தது. புதிர்த் துண்டுகளும், மேலே முடியாமல் விட்ட இடமும் அப்படியே இருந்தன. பிழையும் பழைய தீட்டலும் போயின.

எழுத்து உடைந்த அந்தக் காலத்தில்தான் நாங்கள் சிலர் ஒரு சின்னக் கருவியில் வேலை செய்தோம். பாமினி, டிஸ்கி என்ற பழைய குறியாக்கங்களில் தட்டிய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றித் தரும் கட்டற்ற கருவி. அந்த வேலைக்குக் கருவிகள் பல இருந்தன. எங்களுடையது அவற்றில் ஒன்று. அதற்கு ஒரு ஐகான் இருந்தது: நடுவில் ‘அ’. நீலத்திலிருந்து பச்சைக்குச் சாயும் பின்னணி. எழுத்துக்குக் கீழே மெல்லிய நிழல், மேலே கண்ணாடிப் பளபளப்பு. 2000-களின் நடுவில் எல்லா ஐகானும் அப்படித்தான் இருந்தன. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிஎன்ஜி கோப்பு. அதை வரைந்த மூலக் கோப்பு எந்தக் கணினியோடு போனதோ, யாரிடமும் இல்லை.

அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் திருப்பூரில் வந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் மென்பொருள் சுதந்திர தினம் வரும். தமிழ்நாட்டில் கல்லூரிகளிலும் ஊர்க் குழுக்களிலும் மேசை போட்டு, மாணவர்களுக்கு லினக்ஸ் நிறுவிக் காட்டி, ஸ்டிக்கர் கொடுத்துக் கொண்டாடுவார்கள். ஒரு வருடம் எங்கள் மேசைக்கு டி-ஷர்ட் அடிக்கலாம் என்று முடிவானது. பனியன் ஊரில் உறவுக்காரர் ஒருவர் இருந்ததால் வேலை என்னிடம் வந்தது. அவர் அழைத்துப் போன பட்டறையில் நீள மேசைகளில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. சட்டமடித்த வலைத்துணியை ஒரு சட்டைமேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் துணியில் சிவப்பு மட்டும் விழுந்திருக்கிறது. அது காய்ந்ததும் அடுத்த ஆள் இன்னொரு சட்டத்தோடு வந்து அதே இடத்தில் கறுப்பை இறக்குகிறார். முன்பு விழுந்த சிவப்பின் ஓரத்தில் கறுப்பு இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தது.

முதலாளி என் மடிக்கணினியில் எங்கள் ஐகானைப் பார்த்தார். “இதுல எத்தன கலருங்க?” என்றார். நீலம், பச்சை, வெள்ளை என்று எண்ண ஆரம்பித்தேன். அவர் விரலைத் திரையில் வைத்து நீலம் பச்சையாகும் இடத்தைக் காட்டினார். “இங்கிருந்து இங்க வர்றதுக்குள்ள நூறு கலர் இருக்குதுங்க. கலருக்கு ஒரு ஸ்கிரீன் போடோணும். இந்த நிழலு துணியில அழுக்கு மாதிரித் தெரியுமுங்க.” புள்ளி புள்ளியாகப் பிரித்து அடிக்க முடியும், ஆனால் எங்களுக்கு வேண்டிய கொஞ்சம் சட்டைக்கு அந்தச் செலவு கட்டாது என்றார். பிறகு பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். நெஞ்சு அளவுக்குப் பெரிதாக்கியதும் ‘அ’வின் வளைவு படிக்கட்டாக உடைந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த பையன், “அண்ணா, வெறும் ‘அ’ மட்டும் ஒரே கலர்ல கொடுங்க, அதுவே நல்லா இருக்கும்” என்றான். அன்றைக்கு அப்படித்தான் அடித்தோம்.

ஊருக்குத் திரும்பும்போது ஃப்ரீபிஎஸ்டியின் கதை மனத்தில் ஓடியது. பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளங்களுக்குப் பல வருடமாக முகமாக இருந்தது பீஸ்டி என்ற குட்டிச் சிவப்புப் பூதம். கையில் திரிசூலம், காலில் கேன்வாஸ் ஷூ, முகத்தில் குறும்புச் சிரிப்பு. அதன் புகழ்பெற்ற வடிவத்தை 1988-இல் வரைந்தவர் ஜான் லாசெட்டர். பிற்பாடு ‘டாய் ஸ்டோரி’ படத்தை இயக்கியவர். பதிப்புரிமை பிஎஸ்டி முன்னோடிகளில் ஒருவரான கிர்க் மெக்குசிக்கிடம் இருந்தது. 2005-இல் ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் புதுச் சின்னத்துக்குப் போட்டி வைத்தார்கள். பூதத்தின் உருவம் சிலருக்கு மத ரீதியாக உறுத்தியது என்பதைப் பலரும் சொல்வார்கள். அதோடு சேர்ந்த இன்னொரு காரணம் திருப்பூர்ப் பட்டறை முதலாளி சொன்ன அதே காரணம். லாசெட்டரின் பூதத்தில் சாயல்கள் அதிகம், நுணுக்கம் அதிகம். தாளில் உள்ளபடி வர நான்கு வண்ண அச்சு வேண்டும். சின்னதாக்கினால் குழம்பும். இரண்டு மூன்று வண்ணத்தில் அடங்காது, ஒற்றை வண்ணத்தில் அடங்கவே அடங்காது. பூதம் எல்லா பிஎஸ்டிகளுக்கும் பொதுவானது, ஃப்ரீபிஎஸ்டியை மட்டும் தனித்துக் காட்டாது என்பதும் இருந்தது.

வென்றது ஆன்டன் குரால் வரைந்த சிவப்பு உருண்டை. அந்த உருண்டைக்கு மேலே இரண்டு சின்னக் கொம்புகள். பூதத்தின் கை, கால், சூலம் எல்லாம் போய்விட்டன. ஆனால் பீஸ்டியை அறிந்த எவருக்கும் அந்தக் கொம்பைப் பார்த்த உடனே இது யார் என்று தெரிந்துவிடும். அறிவிப்பிலேயே தெளிவாகச் சொன்னார்கள்: தேடுவது புதுச் சின்னம், செல்லப் பாத்திரம் பீஸ்டியே, அது தொடரும். மாநாட்டு மேசைகளில் பீஸ்டி பொம்மை வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். அச்சுக்கும் ஐகானுக்கும் உருண்டை. அதற்கு ஒரு வருடம் முன்னால் நெட்பிஎஸ்டியும் இப்படி மாறியது. அவர்களின் பழைய படத்தில் கணினிக் குவியல்மேல் பூதங்கள் ஏறிக் கொடி நாட்டும்; 1945-இல் இவோ ஜிமா தீவில் எடுத்த போர்ப் படத்தின் சாயல். 2004-இல் வந்த புதுச் சின்னத்தில் பூதங்களும் குவியலும் போயின. கொடி நின்றது.

ஃப்ரீபிஎஸ்டியைப் பேசினால் சைக்கிள் கொட்டகையைப் பேசாமல் தாண்ட முடியாது. சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் எழுதிய நூலில் ஒரு குழு வரும். அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிடத்தில் ஒப்புக்கொள்ளும். சைக்கிள் நிறுத்தக் கொட்டகைக்கு நெடுநேரம் விவாதிக்கும். உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி குழுவில் ஸ்லீப் என்ற சின்னக் கட்டளை நொடியின் பின்னத்தை ஏற்கலாமா என்று பெரிய வாக்குவாதம் எழுந்தபோது, டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் கேம்ப் இந்தக் கதையை எடுத்து ஒரு கடிதம் எழுதினார். அன்றிலிருந்து நிரலாளர்களிடையே கொட்டகைக்கு வண்ணம் பூசுவது என்றால் வேண்டாத விவாதம் என்று அர்த்தம். சின்னத்தை மாற்றலாமா என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது இந்தப் பெயர்தான்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மென்பொருளின் உள்ளே போய்ப் பார்ப்பவர் சிலர். அதன் சின்னத்தைப் பார்ப்பவர் அதைப் பயன்படுத்தும் அத்தனை பேரும். நிரல் எழுதத் தெரியாமல், பிழை சொல்லியும் மொழிபெயர்த்தும் வகுப்பெடுத்தும் ஒரு திட்டத்தைத் தாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கருத்துச் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு. சின்னம் அவற்றில் ஒன்று. அங்கே அவர்கள் பேசட்டும். பேச்சுக்கு ஒரு தளம் மட்டும் வேண்டும். பச்சை பிடிக்கும், நீலம் பிடிக்காது என்று ஆரம்பித்தால் அது முடிவே இல்லாமல் போகும். ஒற்றை வண்ணத்தில் அடிக்க முடியவில்லை, 16 பிக்சலில் எழுத்து தெரியவில்லை, கறுப்புப் பின்னணியில் ஓரம் காணாமல் போகிறது என்று ஆரம்பித்தால் எல்லோரும் கண்ணால் சரிபார்த்துவிட்டுப் பேசலாம்.

நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் கருவியின் பழைய ஐகானை உலாவியின் டேப் அளவில், கைப்பேசி அளவில், சுவரொட்டி அளவில், கறுப்பு வெள்ளையில், கறுப்புப் பின்னணியில் வரிசையாக ஒட்டி ஒரே பக்கமாக்கினேன். திருப்பூர்ச் சட்டையின் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். புதுப் படம் எதையும் காட்டவில்லை. இந்த இந்த இடங்களில் இது வேலை செய்யவில்லை, சரிசெய்யலாமா என்று மட்டும் குழுவிடம் கேட்டேன். பலரும் உடனே சரி என்றார்கள். பழைய ஐகானை வரைந்தவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழ்பவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“அண்ணா, உங்க படத்தைத்தான் தொடப் போறோம். நீங்க சொல்லாம செய்ய மாட்டோம்” என்றேன்.

“தம்பி, நீங்கள் காட்டின பக்கத்தைப் பாத்தனான். நீங்கள் சொல்லுறது சரிதான். நிறத்தை மாத்துங்கோ, நிழலை எடுங்கோ. அந்த ‘அ’வை மட்டும் விட்டிடாதேங்கோ.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “என்ர மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில முதல் முதல் எழுதின ‘அ’வைப் பாத்துத்தான் அந்த வளைவைக் கீறினனான்.”

அதுவரை அந்த ‘அ’ ஏதோ ஓர் எழுத்துருவிலிருந்து எடுத்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சுழி கொஞ்சம் பெரிதாக, கடைசிக் கோடு இறங்கும்போது லேசாகச் சாய்ந்து இருப்பதைப் பார்த்திருக்கிறோம்; காரணம் தெரியாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து, அந்தப் பழைய பிஎன்ஜியை அடியில் வைத்து, அந்த வளைவை அப்படியே புள்ளி புள்ளியாகத் தடம் எடுத்தேன். பெரிய சுழியையும் சாய்ந்த கோட்டையும் நேராக்கவில்லை. பின்னணி ஒரே நீலம். முடிந்த எஸ்விஜி கோப்பை அவருக்கே முதலில் அனுப்பினேன். அவர் சரி என்ற பிறகு குழுவுக்கு.

ஒருவர் வரைந்ததை இன்னொருவர் தொட்டு மாற்றும் உரிமையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் டக்ஸ் நினைவுக்கு வரும். லினக்ஸின் பெங்குவின். 1996-இல் லினக்ஸுக்குச் சின்னம் தேடியபோது, லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயிறார மீன் தின்றுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெங்குவின் வேண்டும் என்று இருந்தது. லாரி யூயிங் அதை வரைந்தார், அதுவும் கட்டற்ற மென்பொருளான ஜிம்ப்பில், 0.54 என்ற மிக ஆரம்பப் பதிப்பில். சின்னத்துக்காக நடந்த மூன்று போட்டிகளில் ஒன்றில்கூட அந்தப் பெங்குவின் வெல்லவில்லை. ஆனால் போட்டிகளில் வென்ற படங்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. யூயிங் அதைக் கொடுத்த விதத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், யாராவது கேட்டால் என்னையும் ஜிம்ப்பையும் சொல்லுங்கள் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. அதனால்தான் டக்ஸ் ஆயிரம் கோலத்தில் உலவுகிறது. 2009-இல் ஆஸ்திரேலிய லினக்ஸ் மாநாட்டை ஒட்டி, முகத்தில் வரும் புற்றுநோயால் அழிந்துகொண்டிருந்த டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்காக, லினக்ஸ் கருவின் 2.6.29 பதிப்பில் டக்ஸ் இடம்விட்டு ஒதுங்கியது. பெங்குவின் அலகை மாட்டிக்கொண்ட டஸ் என்ற டெவில் அந்த ஒரு பதிப்பில் மட்டும் அமர்ந்தது. அடுத்த பதிப்பில் டக்ஸ் திரும்பி வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தேடியவர்கள் பல வருடம் ஐஸ்வீசல் என்ற பெயரைத்தான் பார்த்தார்கள். ஃபயர்பாக்ஸின் சின்னமான நரியின் படம் வந்த உரிமம் டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிகளுக்குள் வரவில்லை. எனவே டெபியன் நிரலை மட்டும் எடுத்து, நரிக்குப் பதில் வேறு ஐகான் வைத்து, பெயரை மட்டும் ஃபயர்பாக்ஸ் என்றே வைத்திருந்தது. 2006-இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா அதை ஏற்கவில்லை: பெயர் வேண்டுமானால் படமும் சேர்ந்து வர வேண்டும் என்றது. வணிகக் குறியைக் காப்பது அவர்களுக்குக் கடமை. கட்டற்ற உரிமம் இல்லாததை உள்ளே விடாமல் இருப்பது டெபியனுக்குக் கடமை. இரண்டு பக்கமும் நேர்மையாகவே நின்றார்கள், பத்து வருடம் பிரிந்து நின்றார்கள். 2016-இல்தான் ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது. டெபியனோ தன் சிவப்புச் சுழியை 1999 முதல் எவரும் பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கிறது. எங்கள் ‘அ’வை அனுப்பியபோது உரிமத்தை முதல் வரியிலேயே எழுதினேன், மூலக் கோப்பை நிரலோடு சேர்த்தே வைத்தோம். ஒரு முறை தொலைத்தது போதும்.

மொசில்லாவின் சொந்தச் சின்னத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆரம்ப நாட்களில் ஷெப்பர்ட் ஃபேரி வரைந்த சிவப்பு டைனோசர்தான் அவர்களின் முகம். 2016-இல் புதுச் சின்னத்துக்கான வேலையைப் பொதுவெளியில் நடத்தினார்கள். ஜான்சன் பேங்க்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் ஒவ்வொரு கட்டத்திலும் வரைவுகளைக் காட்டியது, உலகம் முழுக்க இருந்து கருத்து வாங்கியது. 2017 ஜனவரியில் வந்தது இணைய முகவரியின் முக்காற்புள்ளியையும் சாய்கோடுகளையும் பெயருக்குள் வைத்த எழுத்துச் சின்னம். புத்திசாலித்தனமான நல்ல வேலை. டைனோசருக்கு அதில் இடம் இல்லை. 2024-இல் அதுவும் மாறியது. இந்த முறை ஒரு கொடியின் உருவம். கொடியை உற்றுப் பார்த்தால் டைனோசரின் தலை. ஏழு வருடம் கழித்து அந்த விலங்கு வீடு திரும்பியிருக்கிறது.

சூரியகாந்திக்கு வருகிறேன். அதை மாற்றலாம் என்ற பேச்சு 2020-இல் மீடியாவிக்கியில் வந்தபோது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அவ்வளவு நாள் பழகிய பூ. ஆனால் காரணங்களைப் படித்ததும் மறுக்க ஒன்றும் இல்லை. அது ஒளிப்படம். ஒவ்வொரு இதழிலும் வெயில், நிழல், நரம்பு. பெரிய திரையில் பார்த்தால் அழகு. ஐகானாகச் சுருக்கினால் இதழ்கள் கலந்து மஞ்சள் திட்டு. 88-க்கு 31 பட்டையில் அதுதான் நடந்தது. பூ என்று தெரிந்ததால்தான் பூவாகத் தெரிந்தது. சட்டையில் அடிக்க முடியாது. ஒற்றை வண்ணத்தில் வராது. 2003-இல் கணினித் திரைகள் சிறியவை, கைப்பேசியில் விக்கி படிப்பவர் இல்லை. இவ்வளவு அளவுகளில் ஒரு சின்னம் நிற்க வேண்டிவரும் என்று அன்றைக்கு யாருக்கும் கவலைப்படத் தேவை இருக்கவில்லை. அந்தப் பூ தன் காலத்து வேலையைக் குறைவில்லாமல் செய்தது.

யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கலாம் என்று கேட்டார்கள். வந்தவற்றைப் பொதுவில் வைத்து வாக்கெடுத்தார்கள். தேர்ந்த வடிவத்தின் வண்ண மாறுபாடுகளை வைத்து மறுபடி கேட்டார்கள். கடைசியில் நின்றது செர்ஹியோ மேக்பை என்ற பெயரில் எழுதும் வடிவமைப்பாளரின் படம். 2021-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒளிப்படம் போய்விட்டது, தெளிவான கோடுகளில், எந்த அளவுக்கும் விரியும் வெக்டர் படம். பூ சூரியகாந்தியாகவே இருந்தது. மாற்றியவர்களுக்கு அன்றே மனத்துக்குள் நன்றி சொன்னேன். முற்றிலும் புதிதாக ஒன்றை வைத்திருக்கலாம். வாக்கு போட்டவர்கள் அதை விரும்பவில்லை.

சின்னம் தேர்வான பிறகு வரும் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பழைய பூ எங்கெல்லாம் இருந்தது என்று தேட வேண்டும்: நிறுவும் பக்கத்தில், அடிப் பட்டையில், உதவிப் பக்கங்களில், நீட்சிகளில், மொழிமொழியாக எழுதிய கையேடுகளில். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு அளவில் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் மாற்றம், அதை ஒருவர் சரிபார்க்க வேண்டும். சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள்தான் உண்மையில் சின்னத்தை மாற்றுகிறவர்கள். எங்கள் சின்னக் கருவிக்கே இந்தத் தேடல் நீண்டது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக் கையேட்டில் நிழல் விழுந்த பழைய ‘அ’ இன்னும் இருக்கலாம். இருக்கட்டும், எழுத்து ஒன்றுதானே.

இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வெளியிலும் வரைகலை படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அருமையாக வரைகிறார்கள். கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றுக்கு வரையத் தெரிந்த ஒரு கை இல்லை. நிரலாளர்களே கிடைத்த நேரத்தில் ஐகானும் வரைந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் வேண்டும். போகும்போது முதலில் அந்த மென்பொருளைக் கொஞ்ச நாள் பயன்படுத்துங்கள். பழைய படம் எந்த வேலையில் தவறுகிறது என்பதைக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். அழகான புதுப் படத்தை அப்புறம் எடுத்துப் போகலாம். பழையதை வரைந்தவர் யார் என்று விசாரித்து, அவரிடம் பேசுங்கள். திட்டத்தில் இருப்பவர்கள் எதைப் பார்த்துச் சின்னத்தை அடையாளம் காண்கிறார்களோ, கொம்போ கொடியோ பூவோ, அதைத் தொடாதீர்கள். ஜிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவற்றில் வரையுங்கள். எஸ்விஜி கோப்பைக் கட்டற்ற உரிமத்தில் அவர்களின் நிரல் களஞ்சியத்திலேயே வையுங்கள். மாற்றும் வேலையிலும் கூட நில்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்காக அந்தத் திட்டத்தை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். பொத்தான், உதவிப் படம், சுவரொட்டி என்று வரைய வேண்டியது இன்னும் நிறையக் கிடக்கிறது.